இனி ரசீது வேணாம்

சிப்காட் நிறுத்தத்தை பஸ் தாண்டிய பிறகுதான் மச்சானிடமிருந்து போன் வந்தது. ஒரு நிமிஷம் முன்னால் வந்திருந்தால் இறங்கியிருப்போமா என்று மரியலூர்து அன்று பகல் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கியிருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும். தெரிந்ததால்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"பஸ்ல. சிதம்பரம் போறேன், கூட்டத்துக்கு."

"குடிகாடு தாண்டிட்டீங்களா?"

"இப்பத்தான் தாண்டுச்சு. ஏன்?"

அந்தப் பக்கம் ஆரோக்கிய பிரபு உச்சுக் கொட்டினான். மரியலூர்துவின் மனைவி ராணிக்குத் தம்பி. ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். காலை எட்டே முக்காலுக்கு அவன் போன் செய்வது வழக்கமில்லை.

"உங்ககிட்ட ரிட்டர்ன் போடற செம்பியன் இருக்காருல்ல, அவரு பாலிசி கிறிஸ்துமஸ் அன்னைக்கு முடிஞ்சுது. அதுக்கு மேல முப்பது நாள் டைம். இன்னைக்குத்தான் கடைசி நாள் மாமா."

"கட்டச் சொல்லு."

"நாலு தடவ சொல்லிட்டேன். லூர்து சாரே வேணாம்னுட்டாரு, உனக்குக் கமிஷன் போவுதேன்னு துடிக்கிறியான்னு கேக்கறாரு."

மரியலூர்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவரு வீட்டம்மாவுக்குக் கர்ப்பப்பையில கட்டி," என்றான் பிரபு. "சேரும்போதே ஒளிக்காம எழுதிக் குடுத்தோம். ஏற்கனவே இருக்கற நோய்க்கு மூணு வருஷம் காத்திருக்கணும். அந்த மூணு வருஷம் இந்தக் கிறிஸ்துமஸோடதான் முடிஞ்சுது. இன்னைக்குக் கட்டுனா ஆபரேஷனுக்குக் கம்பெனி பணம் குடுக்கும். விட்டா அறுந்துபோச்சு. அப்புறம் புதுசா எடுத்தா, மறுபடியும் மூணு வருஷம்."

"இது அவருக்குத் தெரியாதா?"

"மொத வருஷமே ஸ்கேனுக்குக் கேட்டாரு. இன்னும் டைம் ஆவலன்னு கம்பெனி தள்ளிடுச்சு. அன்னைக்கோட, இது ஒண்ணுத்துக்கும் ஆவாத பாலிசின்னு முடிவு பண்ணிட்டாரு. அப்புறம் ரசீதுக்காகத்தான கட்டிட்டு இருந்தாரு. அந்த ரசீதும் வேணாம்னு நீங்க சொல்லிட்டீங்க."

"நான் கட்டிடட்டுமா? நம்பர் குடு."

"ஓ.டி.பி. அவரு போனுக்குத்தான் போவும். அந்தப் போனு ரெண்டு மணி வரைக்கும் கேட்டுல இருக்கும். கெமிக்கல் பிளாண்டுக்குள்ள போனு எடுத்துட்டுப் போவ விட மாட்டாங்க. காலை ஷிஃப்டு மாமா அவரு."

"சாயங்காலம் நான் வந்து பேசறேன்."

"நாலு மணிக்கு அவரு பொண்ண அழைச்சிக்கிட்டு பண்ருட்டி போறாராம், மாமியார் ஊட்டுக்கு. நான் பேசுனா போன வெச்சிடறாரு. நீங்கதான் மாமா பேசணும். நேர்ல."

போனை வைத்த பிறகு மடியிலிருந்த கோப்பை மரியலூர்து திறந்தார். மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார், இன்று மேடையில் பேச. முதல் வரியைப் படித்தார். மூடினார். மறுபடி திறந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர் பஸ் பிடித்து, பிளாண்டு கேட்டில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் தாமதமாகும். கூட்டம் பத்தரைக்கு. அதற்குள் போய்வந்திருக்கலாம். பஸ் ஆலப்பாக்கத்தில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

கடலூர் முதுநகரில், ரயில் ஜங்ஷனுக்குப் போகிற தெருவில் ஒரு மாடி அறை அவருடைய ஆபீஸ். இருபத்திரண்டு வருஷமாக வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறார். ஆடிட்டர் படிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் ஆடிட்டர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்தியார்கள், பேங்க்காரர்கள், குடிகாட்டுப் பிளாண்டுகளில் வேலை செய்கிற ஆப்பரேட்டர்கள், எல்லாம் அவரிடம்தான்.

ஜனவரி பிறந்தால் அந்த மாடிப்படியில் செருப்பு வைக்க இடமிருக்காது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ரசீது சீசன். "சார், இந்த வருஷம் எவ்ளோ ரசீது பத்தல?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். வரிக் கழிவுக்குப் பத்தாததற்கு எதையாவது எடுக்க வேண்டும். ஆயுள் பாலிசி, போஸ்ட் ஆபீஸ் பத்திரம், ஹெல்த் இன்சூரன்ஸ். எது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. எந்த ஆஸ்பத்திரி, என்னென்ன நோய், எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு பாலிசியையாவது அவர் புரட்டிப் பார்த்ததுண்டா? ரசீதில் தேதி சரியா, பெயர் சரியா என்று பார்ப்பார். நகல் எடுத்துத் துளை போட்டுக் கோப்பில் சேர்ப்பார். இந்த ஊர்ச் சம்பளக்காரர்களுக்கு இன்சூரன்ஸ் என்பது பிப்ரவரியில் கம்பெனிக்குக் கொடுக்கிற ஒரு தாள். அவ்வளவுதான்.

பிறகு புது வரிமுறை வந்தது. பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லை என்றானது. பழைய கழிவுகள் எதுவும் அதில் கிடையாது. செம்பியன் மாதிரி ஆட்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை, புதுசுதான் லாபம். போன மே மாதத்திலிருந்து படியேறி வந்த ஒவ்வொருவரிடமும் மரியலூர்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "இனி ரசீது வேணாம்."

சொல்லும்போது ஒரு சந்தோஷம் இருந்தது. அதைத்தான் இப்போது பஸ்ஸில் உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருந்தார். பிரபு அவருடைய மச்சான் என்பது எல்லோருக்கும் தெரியும். மச்சானுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உரக்கவே சொன்னார். "ஹெல்த் இன்சூரன்ஸும் வேணாமா சார்?" என்று செம்பியன் கேட்டது ஞாபகம் இருக்கிறது. "வரிக்கு வேணாம்," என்று சொன்னோமா, "வேணாம்" என்று மட்டும் சொன்னோமா? எவ்வளவு யோசித்தும் அந்த ஒரு சொல் கிடைக்கவில்லை. சிரித்தது மட்டும் ஞாபகம் வந்தது. என் மச்சானுக்கே நஷ்டம் பாரு, என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

சிதம்பரம் கீழவீதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் புது வரிமுறை விளக்கக் கூட்டம். வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்திருந்தார்கள். உள்ளே முன்னூறு நாற்காலி, பெரும்பாலும் வாத்தியார்களும் ஓய்வு பெற்றவர்களும். சென்னையிலிருந்து வந்திருந்த வருமான வரி அதிகாரி லோகநாயகி அவரை வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். நாற்பது வயதிருக்கும். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"நாங்க பேசினா கவர்மெண்ட் பேசுதுன்னு காத மூடிக்கறாங்க சார். நீங்க பேசினா கேப்பாங்க. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டது."

லோகநாயகி நன்றாகப் பேசினார். அதை மரியலூர்து ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தாளைப் பார்க்கவில்லை, மிரட்டவில்லை, புகழவும் இல்லை.

"பழைய முறையில அரசாங்கம் உங்களுக்கு ஒரு கண்டிஷன் போட்டுது. இதுல பணத்தப் போடு, அதுல பணத்தப் போடு, அப்பத்தான் சலுகைன்னுது. நீங்களும் பிப்ரவரி மாசம் ஓடி ஓடிப் போட்டீங்க. இப்ப அந்தக் கண்டிஷனே கிடையாது. வரியக் குறைச்சாச்சு. மிச்சம் உங்க கையில. ஹெல்த் இன்சூரன்ஸ் மேல இருந்த பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி.யையும் எடுத்தாச்சு. வேணும்னா எடுங்க, முன்னைக்கு இப்ப விலை குறைவு. உங்களை விவரம் தெரிஞ்ச மனுஷங்களா நடத்தறோம். இதுல என்ன தப்பு?"

தப்பில்லை என்றுதான் மரியலூர்துவுக்கும் பட்டது. தப்பில்லாத ஒன்றைக் கேட்டுக்கொண்டே, மேடை நாற்காலியில் காலை மாற்றி மாற்றிப் போட்டார். மணி பதினொன்றேகால்.

நடு வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். கையில் மைக்கை வாங்கி, "சத்யப்பிரியா, பள்ளிக்கூட டீச்சர்," என்று சொல்லிக்கொண்டார்.

"மேடம், சலுகை இருந்தப்ப எங்க ஸ்டாஃப் ரூம்ல பதினாறு பேரும் ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டுனோம். இந்த வருஷம் ஒம்போது பேரு கட்டல. நீங்க விவரம் தெரிஞ்ச மனுஷங்கன்னு சொல்றீங்க. நாங்க ரசீதுக்குக் கட்டுனவங்க மேடம்."

மண்டபம் சிரித்தது.

"டீச்சர், காய்ச்சலுக்குத்தான இன்சூரன்ஸ் எடுக்கறது? ரசீதுக்கா எடுப்பாங்க?"

"ரசீதுக்குத்தான் மேடம். இருபது வருஷமா அப்படிப் பழக்குனது நீங்க. இப்ப ரசீது வேணாம்னா நாங்க என்னான்னு எடுத்துக்கறது?"

இந்தத் தடவை கைதட்டல். லோகநாயகி சிரித்தபடியே மைக்கை மரியலூர்துவின் பக்கம் நீட்டினார். "உங்க ஊர்க்காரரு, தினமும் உங்களோட இருக்கறவரு. சார் சொல்லட்டும்."

அவர் எழுந்தார். நானே நாற்பது பேருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டியது அதுதான். இப்போது சொன்னால் இந்த முன்னூறு பேரும் கேட்பார்கள். நாளைக்கு முதுநகர் கேட்கும். ரசீது சீசனும் போய், ஆடிட்டர் சாரும் போய், அப்புறம்? மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வரி வேற, வைத்தியம் வேற," என்றார். "ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. அவுங்கவுங்க குடும்ப நிலையப் பாத்து, யோசிச்சு, அவுங்கவுங்கதான் முடிவெடுக்கணும். அரசாங்கம் அந்த உரிமையை நம்மகிட்ட குடுத்திருக்குது."

கைதட்டினார்கள். சத்யப்பிரியா தட்டவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மூன்று பக்கத்தையும் அவர் படித்து முடித்தார். என்ன படித்தார் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. சால்வை போர்த்தினார்கள். போட்டோவுக்கு நின்றார்கள். மணி பன்னிரண்டே முக்கால்.

"சாப்பிட்டுட்டுப் போங்க சார்," என்றார் லோகநாயகி.

"அவசரமா ஒருத்தரப் பாக்கணும் மேடம்." படியிறங்கப் போனவர் நின்றார். "உங்க நோட்டீஸ்ல ஒரு வரி சேத்திருக்கலாம். சலுகை போனாலும் பாலிசிய விட்டுடாதீங்கன்னு."

லோகநாயகி நோட்டீஸை எடுத்துப் பார்த்தார், அந்த வரி அதில் எங்கே வந்திருக்கும் என்று தேடுகிற மாதிரி. "சேத்திருக்கலாம்," என்றார். "நாங்க சட்டத்த சொல்றோம் சார். அதுக்கு என்ன அர்த்தம்னு ஜனங்க உங்களத்தான கேக்கறாங்க."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதனால்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவில் அது காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

கடலூர் பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம் என்று கண்டக்டர் சொன்னான். பதினைந்து நிமிஷம் ஆனது. மரியலூர்து உட்காரவில்லை. சீட் இருந்தும் படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உக்காருங்க சாரே, பஸ்ஸ நீங்களா தள்ளப் போறீங்க?" என்றான் கண்டக்டர். புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாண வேன் ரோட்டை அடைத்துக்கொண்டு பின்னால் வந்தது, முன்னால் போனது, மறுபடி பின்னால் வந்தது. அவர் செம்பியனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேட்டில் யாரும் எடுக்காத ஒரு பெட்டிக்குள் அது அடிப்பது தெரிந்தும் மூன்று தடவை போட்டார்.

என்ன சொல்வது என்று பேசிப் பார்த்தார். செம்பியன், அன்னைக்கு நான் சொன்னது வரிக்கு மட்டும். இல்லை, அது பொய்யாகவும் இருக்கலாம். செம்பியன், நீங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்க. அது இன்னும் மோசம். செம்பியனின் மனைவி இசைவாணியை அவர் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். பான் கார்டு எடுக்க வந்தபோது மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். "ரத்தம் கம்மி சார் இவுளுக்கு," என்று செம்பியன் சிரித்துக்கொண்டே சொன்னான். மரியலூர்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். பான் கார்டு படிவத்தில் கையெழுத்து வாங்கினார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கேட்டை அடைந்தபோது ஷிஃப்டு முடிகிற சங்கு ஊதிக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் பெயர் ஒட்டிய சின்னச் சின்ன மரப் பெட்டிகள். குளித்த ஈரத் தலையோடு ஆட்கள் வரிசையில் வந்து அவரவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ரோட்டோரம் புங்க மரத்தடியில் பைக்குகள். காற்றில் தொண்டையைச் சுரண்டுகிற ஒரு நெடி.

செம்பியன் தனியாக வரவில்லை. ஆறேழு பேர் கூட வந்தார்கள். எல்லோருக்கும் ரிட்டர்ன் போடுவது மரியலூர்துதான். மூத்தவர் ஆண்டி, பாய்லர் பகுதி. மற்றவர்கள் எல்லாம் செம்பியன் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்.

"அட, ஆடிட்டர் சாரு! என்னா சார் இந்தப் பக்கம்? சால்வையெல்லாம் பலமா இருக்குது!"

சால்வையை எடுக்க மறந்திருந்தார். அவசரமாகச் சுருட்டிப் பையில் திணித்தார்.

"செம்பியன், கொஞ்சம் தனியாப் பேசணும்."

"இவுங்க முன்னாடி என்னா சார். சொல்லுங்க."

அவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். தனியாகக் கூப்பிட இன்னொரு தடவை வாய் வரவில்லை.

"உங்க ஹெல்த் பாலிசி. இன்னைக்குக் கடைசி நாள். கட்டிடுங்க."

செம்பியனின் சிரிப்பு அப்படியே நின்றது. "வேணாம்னீங்களே சார்."

"சொன்னேன்."

"நீங்க சொன்னீங்கன்னு நான் இங்க எல்லாருக்கும் சொன்னேன். இந்தா நிக்கிறாங்க. கேண்டீன்ல வெச்சு, லூர்து சாரு சொல்லிட்டாரு, அது வேஸ்ட்டுன்னு சொன்னேன். பதினோரு பேரு கட்டாம உட்டுட்டாங்க."

பதினொன்று. அவர் நாற்பது என்று நினைத்துக்கொண்டிருந்தது தன் மாடிப்படி ஏறி நேரில் கேட்டுப் போனவர்களை மட்டும்.

"நான் சொன்னது தப்பு," என்றார் மரியலூர்து. "வரிக்குத்தான் அந்த ரசீது தேவையில்ல. பாலிசி வேணும். எனக்கு அந்த வித்தியாசமே அன்னைக்குத் தோணல. நான் பாலிசியப் படிச்சதே இல்ல."

செம்பியன் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். ஒரு லாரி கடந்து போனது. பிறகு பின்னாலிருந்து ஒருவன், "இப்பத் தோணிடுச்சா சார்? மச்சான் பங்கு குடுக்கறேன்னாரா?" என்றான். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

"டேய்," என்றார் ஆண்டி.

"இல்லண்ணே, கேக்கறேன். மே மாசம் வேணாம்னாரு. ஜனவரி மாசம் சால்வையப் போத்திக்கிட்டு வந்து வேணும்ங்கறாரு. நடுவுல என்னா நடந்துச்சு?"

நியாயமான கேள்வி. நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. காலையில் ஒரு போன் வந்தது, அவ்வளவுதான். அந்தப் போன் வராமலிருந்தால் அவர் இந்நேரம் சிதம்பரத்தில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இதைச் சொல்லலாமா என்று யோசித்தார். யோசித்த நேரமே அவர்களுக்குப் பதிலாகிவிட்டது.

செம்பியன் பைக்கின் ஸ்டாண்டை எடுத்தான். உருட்டிக்கொண்டு பத்தடி நகர்ந்தான். மரியலூர்து கூடவே நடந்தார்.

"காத்திருக்கற மூணு வருஷம் முடிஞ்சுடுச்சு செம்பியன். இன்னைக்குக் கட்டுனா ஆபரேஷனுக்கு உண்டு. இன்னைக்கு உட்டா, முதல்லேர்ந்து."

"மொத வருஷமும் உங்க மச்சான் இப்பிடித்தான் சொன்னாரு, உண்டு உண்டுன்னு."

"அவன நம்ப வேணாம். என்னையும் நம்ப வேணாம்."

"பின்ன யார சார் நம்பறது?"

மரியலூர்து நடப்பதை நிறுத்தினார். செம்பியன் கைப்பிடியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பணம் இல்லாமல் இல்லை. வரி பிடிக்காததால் மாசா மாசம் சம்பளத்தில் கூடுதலாக வருவதை அவன் தனியாக எடுத்து வைத்திருந்தது அவருக்குத் தெரியும், அவர்தான் அப்படிச் செய்யச் சொன்னார். பின்னால் நின்ற அந்த ஆறு பேர்தான் தடை. கேண்டீனில் சொன்ன வார்த்தையை அவர்கள் கண்ணெதிரே அவன் விழுங்க வேண்டும். அந்தக் கஷ்டம் என்னவென்று சிதம்பரத்து மேடையில் நின்றவருக்குத் தெரியாதா?

"வீட்டுல ஒரு வார்த்த கேளுங்க," என்றார்.

"அவுளுக்கு என்னா சார் தெரியும் இதெல்லாம்."

"அவுங்க உடம்புதான?"

செம்பியன் நிமிர்ந்து பார்த்தான். கோபமா என்று தெரியவில்லை. போனை எடுத்துப் போட்டான். "ஏய், ஆடிட்டர் சாரு வந்திருக்காரு. அந்த இன்சூரன்ஸ் கட்டச் சொல்றாரு, இன்னைக்கே... ஆமா, அவுரேதான்... எனக்கென்னா தெரியும்?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு போனை நீட்டினான். "உங்ககிட்ட பேசணுமாம்."

மரியலூர்து வாங்கிக் காதில் வைத்தார். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. எதையோ கீழே வைத்துவிட்டு உட்காருகிற சத்தம்.

"சார், ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க ஊட்டுக்கு நீங்க இந்த வருஷம் கட்டுனீங்களா?"

அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றினார். போன அக்டோபரில் ராணி ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "பிரபுகிட்ட பாலிசிக்குக் கட்டிட்டேன்," என்று சொன்னாள். அவர் தலையாட்டினார். ரசம் கேட்டார். அது தேவையா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. அதே வாரம், அதே தெருவில், எத்தனை பேரிடம் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்?

"கட்டியிருக்கோம்மா," என்றார்.

இசைவாணி திட்டிவிட்டால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

"அப்ப கட்டச் சொல்லுங்க சார் அவர," என்றாள். "எனக்கு மூணு மாசமா ரத்தம் நிக்கல. அவருகிட்ட சொல்லல. போன அவருகிட்ட குடுங்க."

செம்பியன் போனை வாங்கிப் போய்ச் சற்றுத் தள்ளி மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான். முதலில் "எப்பலேர்ந்து?" என்று உரக்கக் கேட்டான். பிறகு அவன் குரல் கேட்கவில்லை. பின்கழுத்தில் காயாத ஈரம் மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது யாரையும் பார்க்கவில்லை.

"உங்க மச்சான லிங்க் அனுப்பச் சொல்லுங்க."

லிங்க் வந்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருமுறை அறுந்தது. மறுபடி போட்டார்கள். ஓ.டி.பி. வந்தபோது செம்பியனின் விரல் தவறான எண்ணைத் தொட்டது, அழித்துவிட்டு மறுபடி அடித்தான். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி. ரெண்டு நாற்பதுக்கு மெசேஜ் வந்தது. பாலிசி தொடர்கிறது.

பங்கு கேட்டவன் தன் போனை எடுத்து ஏதோ தேடினான். "என்னுது எப்ப முடியுது பாரு," என்று பக்கத்து ஆளிடம் காட்டினான். மற்றவர்களும் தேடத் தொடங்கினார்கள். செம்பியன் ஹெல்மெட்டை மாட்டினான்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இந்த வருஷத்து ரிட்டர்ன நான் வேற எடத்துல போட்டுக்கறேன்."

"சரி செம்பியன்."

"அந்த ஃபைல மட்டும் எடுத்து வைங்க. வந்து வாங்கிக்கறேன்."

"வெக்கறேன்."

அவன் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், ஒருவன் தேதியை மட்டும் கேட்டுவிட்டு, ஒருவன் ஒன்றும் கேட்காமல். மரத்தடியில் ஆண்டி மட்டும் பைக்கில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்னுது போன தீபாவளியோட முடிஞ்சுபோச்சு சார்," என்றார். "எனக்கு இந்த முப்பது நாளு கணக்கு உண்டா?"

"இல்லண்ணே. அது தாண்டிடுச்சு."

"புதுசா எடுக்கலாமில்ல?"

"எடுக்கலாம். யாருக்கு உடம்புக்கு?"

"எங்க ஊட்டுல, முத்தம்மாளுக்குத்தான். சக்கர. இப்ப கிட்னி வேற லேசாப் பாதிச்சிருக்குதுன்றாங்க."

"புதுசா குடுப்பாங்களான்னு கேட்டுப் பாக்கணும். குடுத்தாலும் சக்கரைக்கு, அதச் சேந்த எதுக்கும், மூணு வருஷம் காத்திருக்கச் சொல்லுவாங்க."

"நாலு வருஷமா கட்டுனேனே சார். அதக் கழிச்சிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

ஆண்டி தலையை மெல்ல ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறார் என்று தெரியவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் மத்தியானச் சாப்பாடு முடித்து வந்த ஆபீஸ் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மரப் பெட்டிகளில் போன்கள் விழுகிற சத்தம் கேட்டது.

"அவ அப்பவே கேட்டா," என்றார் ஆண்டி. "செம்பியன் சொன்னான்னு உட்டுடாத, நீயே போயி ஆடிட்டரக் கேட்டுக்கிட்டு வாயான்னா. நான் போவல. அவரு சொன்னாச் சரியா இருக்கும்னுட்டேன்." வண்டியை ஸ்டார்ட் செய்தார். "ஏறுங்க சார்."

"நான் பஸ்ல போயிக்கறேண்ணே."

"முதுநகருக்கு இல்ல. எங்க ஊட்டுக்கு. நான் போயிச் சொன்னா இன்னைக்கு பூரா என்னத் திட்டுவா. நீங்க வந்து சொல்லுங்க."

கிண்டலா என்று பார்த்தார். இல்லை. மரியலூர்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, குடிகாட்டுக்குள் போகிற மண் பாதையில் திரும்பியது. பள்ளங்களில் ஆண்டி மெதுவாக ஓட்டினார்.

"என்னா சொல்லப் போறீங்க?" என்று திரும்பாமலே கேட்டார்.

மரியலூர்து யோசித்தார். ஒரு தெரு தாண்டியது. மாதா கெபி ஒன்று தாண்டியது. ஒரு நாய் குரைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் கூட ஓடி வந்து நின்றுவிட்டது.

"இன்னும் எவ்ளோ தூரம்ணே?"

"வந்தாச்சு. அந்த நீலக் கதவு."

கதவு திறந்திருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஒரு பெண் வெளியே வந்து, பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.